ஃபைனல் ஃபேன்டஸியை முதல் விளையாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 16 வரை எண் ஏறிவிட்ட ஃபைனல் ஃபேன்டஸி என்ற வீடியோ கேம் தொடருக்குள் எங்கே நுழைவது?

ஒன்றிலிருந்து வர வேண்டியதில்லை. 1987-இல் தொடங்கிய தொடர்தான். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் உலகம் வேறு, மனிதர்கள் வேறு. சிலவற்றுக்கு மட்டுமே நேரடித் தொடர்ச்சி உண்டு.

2001-இல் வந்த பத்தாவதை எடுங்கள். சண்டை முறைவைத்து நடக்கும். அடுத்து யார் அடிப்பார் என்ற வரிசை திரையின் ஓரத்திலேயே தெரியும். உங்கள் முறையில் நிதானமாக யோசிக்கலாம். உங்கள் அணியில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற எதிரி உண்டு: பறப்பதை வீழ்த்த வாக்காவின் பந்து, துள்ளி ஓடும் ஓநாய்க்கு டீடஸின் வாள், கூழ்போல் கிடக்கும் உருவத்துக்கு லுலுவின் மந்திரம். சண்டையின் நடுவிலேயே ஆளை மாற்றலாம். இந்தப் பொருத்தம் எனக்குப் பிடிபட்ட இரவு, தக்கலையில் எங்கள் வீட்டு ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தட்டில் போட்ட மரச்சீனிக்கிழங்கு ஆறியே போய்விட்டது.

பழைய புள்ளிச்சித்திர அழகு பிடிக்குமென்றால் 1994-இன் ஆறாவது. 11, 14 இரண்டும் இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுபவை, பிறகு பார்க்கலாம்.

மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் சொல்லாமல் போகும், தம்பி. ஆட்டத்தைச் சேமிக்கும் ஒளிக்கோளத்தைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள்.