மூடியின் மேல் ஒரு எருமை

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் மாற்றலாகி விருதுநகரிலிருந்து குன்னூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து வீட்டில் விருந்தாளி இல்லாத மாதம் இல்லை. சிம்ஸ் பார்க், டால்பின் நோஸ், ஊட்டி ஏரி, தொட்டபெட்டா என்று வழியெல்லாம் மனப்பாடம். போன ஆகஸ்டில் மாமியாரும் நாத்தனார் குடும்பமும் வந்திருந்தார்கள். மூன்று நாளும் விடாத மழை. சரி, மியூசியம் ஏதாவது போகலாம் என்று கிளம்பினோம். ஓர் இடத்தில் கேட் பூட்டியிருந்தது. இன்னோர் இடத்தில் கரண்ட் இல்லை. என் பையன் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு வந்தான். கடைசியில் வர்க்கி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

"மதுரையில காந்தி மியூசியம் இருக்கு, மஹால் இருக்கு. இத்தனை பேர் வந்து போற ஊர்ல ஒண்ணுமே இல்லையா?" என்று மாமியார் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் கோத்தகிரியிலேயே இருப்பவர். பார்க்கும்படியான ஒரே ஓர் இடம் சொல்லுங்கள், போதும். பையனுக்கு ஒன்பது வயது. பாம்பு, எலும்புக்கூடு என்றால் சோறு தண்ணி வேண்டாம்.

மு., குன்னூர்

அன்புள்ள மு.,

ஒரே ஓர் இடம் என்றால் முத்தோரை பாலடா. பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம். ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். கடிதத்தை இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் நேராக அங்கே போனால் அரை மணி நேரத்தில் வெளியே வந்து, "அவ்வளவுதானா?" என்பீர்கள். அதனால் ஓர் எருமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் படித்த காலத்தில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போனேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான் போனேன், பெருமைக்குச் சொல்லவில்லை. சுற்றி வரும்போது ஒரு மண்பானை மூடி கண்ணில் பட்டது. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எருமை நின்றது. சுட்ட மண்ணில் செய்த சின்ன உருவம். ஆனால் அந்தக் கொம்பு இருக்கிறதே, பக்கவாட்டில் விரிந்து பிறை மாதிரி மேலே வளைந்த கொம்பு, அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். எங்கள் மலைப் பழங்குடிகளான தோடர்கள் வளர்க்கும் எருமையின் கொம்பு. கீழே நீலகிரி என்று எழுதியிருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரை சென்ட்ரல் ஸ்டேஷனில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அது அங்கே போய்ச் சேர்ந்த கதை கொஞ்சம் நீளம். ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் என்பவர் நீலகிரியின் முதல் கமிஷனர். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி இருக்கிறதே, அவர் பெயரில் அமைந்ததுதான். 1870களின் தொடக்கத்தில் இங்குள்ள பழங்குடிகளையும் பழைய கல்லறைகளையும் பற்றி எழுதித் தரும் வேலை அவருக்கு வந்தது. மலை முகடுகளில் வட்டமாகக் கல் அடுக்கிய ஈமச்சின்னங்களை வரிசையாகத் தோண்டித் திறந்தார். வளையத்தின் மேல் வளையம் வைத்தது போன்ற உயரமான பானைகள், எருமையும் குதிரையும் நாயும் மனிதரும் நிற்கும் மூடிகள், இரும்பு அரிவாள், ஈட்டி முனை, வெண்கலக் கிண்ணம், தங்க நகை என்று கிடைத்தது. 1872-ல் அவர் இறந்துபோனார். புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அவர் சேர்த்த பொருட்களில் ஒரு பங்கு சென்னைக்குப் போனது, இன்னொரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு.

உங்கள் மாமியாரின் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. இந்த மலையின் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவற்றில் அருமையானவை மலையில் இல்லை. ஒன்று 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, இன்னொன்று கடலுக்கு அப்பால். எனக்கு இதில் கோபம் உண்டு. அதே சமயம், தோண்டாமல் விட்டிருந்தால் அந்தக் கல்வட்டங்களில் பாதி தேயிலைத் தோட்டத்துக்கும் பங்களாவுக்கும் அஸ்திவாரமாகப் போயிருக்கும் என்பதும் தெரியும். பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் அந்த மூடிகளின் படங்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முந்தின இரவு பையனுக்கு அந்த எருமையைக் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டு முத்தோரைக்குப் போங்கள்.

அங்கே என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியவர்கள் ஆறு பிரிவினர்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நீலகிரியில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளின் மாதிரிகள், பாத்திரங்கள், கருவிகள், நகை, துணி, இசைக்கருவிகள் எல்லாம் அங்கே உண்டு. தோடர் வீட்டின் முன்னால் பையனைக் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது மாதிரி வீடு. வாசல், பெரியவர்கள் தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற உயரத்தில் இருக்கும். ஏன் இவ்வளவு சின்ன வாசல் என்று அவனிடமே கேளுங்கள். ஜனவரி உறைபனியில் குன்னூரில் ஒரு குளிர்காலம் கழித்த பையன் என்றால் தானே சொல்லிவிடுவான்.

கோத்தர் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். எல்லோரும் தோடரைத்தான் பார்ப்பார்கள். படம் எடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்த மலையில் இரும்படித்தவர்கள், பானை வனைந்தவர்கள், மற்றவர்கள் வீட்டுச் சாவுக்கும் விழாவுக்கும் வாசித்தவர்கள் கோத்தர்கள். பானை செய்வது அவர்களில் பெண்களின் வேலை. எங்கள் கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள்.

தோடர்களின் பூத்துக்குளியும் அங்கே இருக்கும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னிய போர்வை. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பழைய காலத்துத் துணி" என்று மட்டும் பையனிடம் சொல்லிவிடாதீர்கள். போன வாரம்கூட ஒரு தோடர் பாட்டி அதைப் போர்த்திக்கொண்டு சேரிங்கிராஸில் பஸ்ஸுக்கு நின்றார். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்தான் அவர்கள், ஆனால் இருக்கிறார்கள், வங்கிக்கு வருகிறார்கள். உங்கள் கவுன்டருக்கே வந்திருப்பார்கள். இதனால்தான் மந்துக்கு, அதாவது தோடர்களின் குடியிருப்புக்கு, போய்ப் பார்க்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் தயங்குகிறேன். அழைத்தால் போகலாம். அழையாமல் போய் அடுத்தவர் வீட்டு வாசலில் செல்ஃபி எடுப்பதை எந்த ஊரிலும் யாரும் விரும்ப மாட்டார்கள்.

வெளியே வந்ததும் எங்காவது புல்வெளியில் எருமை மேய்கிறதா என்று பாருங்கள். கண்ணில் பட்டால் பையன் கொம்பைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அதே பக்கத்தில் மலைச்சரிவில் நீளமாக இரும்புச் சட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் சமதளத்தில் வைக்காமல் சரிவில் வைத்தார்கள் என்பது அழகான விஷயம். ஊட்டி இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 பாகை வடக்கே. அதே 11 பாகை சாய்வுள்ள, தெற்கு வடக்காக ஓடும் ஒரு சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அப்போது தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானில் நகரும் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அது ஆய்வுக்கூடம், நினைத்தபோது உள்ளே போக முடியாது. சாலையிலிருந்து பார்த்தாலே போதும்.

இனி எங்கள் ஊர்ப்பக்கம். கோத்தகிரியை ஒட்டிக் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பழைய பங்களா இருக்கிறது. இடிந்து கிடந்ததைச் சீர்செய்து நினைவகமாக்கினார்கள். கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து இந்தப் பக்கம்தான் முதலில் தங்கினார். ஊட்டி பிறகு வந்தது. உள்ளே மலையின் பழைய படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. கூட்டம் இருக்காது. நான் வருடத்துக்கு இரண்டு முறையாவது போவேன், பெரும்பாலும் அந்தப் படங்களில் இருக்கும் வெற்று மலைகளைப் பார்க்க. தேயிலை இல்லை, யூகலிப்டஸ் இல்லை, புல்லும் மடிப்புக்கு மடிப்பு சோலையும் மட்டும். இந்த மலை அப்படி இருந்தது என்று சொன்னால் நம்பாதவர்கள் படத்தைப் பார்த்தால் நம்புவார்கள். சல்லிவனைப் பற்றி எல்லோரும் ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு கொண்டுவந்தார் என்பார்கள். நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று தன் மேலதிகாரிகளிடம் வாதாடித் தோற்றதும் அவர்தான். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மனைவியும் மகளும் இருக்கிறார்கள். அந்தத் தேவாலயத்துக்குள்ளும் ஒரு நடை போய் மேலே பாருங்கள். அந்த உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தவை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஊட்டி மைசூர் சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, சின்னது. முத்தோரைக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு உதவும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகம் ராணுவ வளாகத்துக்குள் இருப்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகவேண்டும். தொட்டபெட்டா தேயிலைத் தொழிற்சாலைக்கு உங்கள் விருந்தாளிகள் எப்படியும் போய்விடுவார்கள். படகு இல்லத்துக்கு எதிரே நூலால் செய்த பூந்தோட்டத்தைப் பலர் கிண்டல் செய்வார்கள். எனக்குப் பிடிக்கும். ஊசியில்லாமல் கையாலேயே நூலைச் சுற்றி ஒவ்வொரு இதழாகச் செய்திருக்கிறார்கள் என்கிறார்கள்; கிட்டே போய்ப் பார்த்தால் கிண்டல் நின்றுவிடும். மலை ரயிலுக்கான அருங்காட்சியகம் கீழே மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இருக்கிறது. விருந்தாளிகளை ரயிலேற்றி அனுப்பும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக இறங்கினால் அதையும் பார்த்துவிடலாம். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில் அது. பல்சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று அப்போது பையனுக்குப் புரியும்.

கூரையே இல்லாத காட்சிக்கூடம் ஒன்றும் எங்கள் பக்கம் உண்டு. கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பையிலும் கரிக்கையூரிலும் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் வழி சொல்ல மாட்டேன், மன்னியுங்கள். காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும் என்பது ஒரு காரணம். மலையேற வந்தவர்கள் ஓவியத்தின் மேலேயே தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. அந்தப் பக்கத்துக் குறும்பர்களில் சிலர் இன்றும் வேங்கை மரத்துப் பிசினையும் இலைச்சாற்றையும் குழைத்துக் காகிதத்தில் வரைகிறார்கள். கண்காட்சி எங்காவது நடந்தால் அதில் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள்.

பாம்புக்கு வருவோம். அந்த விஷயத்தில் நீலகிரி உங்கள் பையனை ஏமாற்றிவிடும். அதற்குப் பழனி மலைக்குத்தான் போகவேண்டும். கொடைக்கானல் போகும் வழியில் செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பூச்சிகள், பாம்புகள் என்று அறை அறையாக இருக்கும். பக்கத்திலேயே ஆர்க்கிட் வளர்ப்பகம். அங்கிருந்த ஆங்லாத் என்ற பாதிரியார் மலைத் தாவரங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். பழனி மலையின் கல்திட்டைகளை, அதாவது பலகைக்கல் நிறுத்திக் கட்டிய பழைய ஈமச்சின்னங்களை, தேடித் தேடிப் பதிவு செய்து, நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. பிரீக்ஸ் செய்ததைப் போன்ற வேலைதான், ஆனால் பொருட்களில் ஒரு பகுதி மலையிலேயே தங்கிவிட்டது. விருதுநகருக்கு ஊருக்குப் போகும்போது வத்தலக்குண்டு வழியாக ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் முடியும். அப்படியே சூரிய ஆய்வுக்கூடத்தையும் பார்த்துவிடலாம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்த இடம்.

முத்தோரைக்குக் கிளம்பும்முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், பூட்டிய கேட்டை இன்னொரு முறை பார்க்கவேண்டாம். அது அலுவலகம் மாதிரி இயங்கும் இடம், வார நாளில் போவதே நல்லது. ஊட்டி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். திரும்பும்போது பாலடாவில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். காரட்டை மூட்டை மூட்டையாகக் கழுவி லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். மாமியார் இரண்டு கிலோ கேட்டால் மண் வாசனை போகாத காரட்டாகப் பொறுக்கித் தருவார்கள்.