சின்ன காருக்கு டயர் அளவை மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: காரோடு வந்தது 165/70 ஆர்14. அந்த அளவு இப்போது கிடைக்கவில்லை, 175/65 ஆர்14 போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். போடலாமா சார்?

பதில்: பெரும்பாலும் போடலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 165 என்பது டயரின் அகலம், மி.மீ.-இல். அதில் 70 சதவீதம் 115.5 மி.மீ.; அதுதான் சைடுவாலின், அதாவது டயரின் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரண்டு மடங்கு 231. ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மொத்த விட்டம் 586.6. இதே கணக்கில் 175/65-க்கு 583.1 வரும். வித்தியாசம் வெறும் 3.5 மி.மீ. புது டயரின் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) சுமார் 8 மி.மீ. ஆழத்திலிருந்து 1.6-க்குத் தேயும்போதே விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ. குறைந்துவிடுகிறது. அதனால் இந்த மாற்றத்தை ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் பொருட்படுத்தாது.

ரிம்மின் அகலத்தைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ரிம்மில் 14×5ஜே என்கிற மாதிரி குத்தியிருக்கும்; 5 என்பது அங்குலத்தில் அகலம், ஜே என்பது ரிம் விளிம்பின் வடிவம். 175/65-க்குக் குறைந்தது 5 அங்குல ரிம் வேண்டும். சில ஸ்டீல் ரிம்கள் 4½ஜே. அதில் 165/70 சரியாக உட்காரும், 175/65 போடக்கூடாது.

கேள்வி: அண்ணா, அதே ரிம்முக்கு 175/70 போட்டால் கார் கொஞ்சம் உயரும் இல்லையா? ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறது.

பதில்: விட்டம் 600.6 ஆகும், 14 மி.மீ. கூடுதல். ஆனால் கார் உயர்வது அதில் பாதி, 7 மி.மீ.தான். அடி தட்டுவதற்கு அது பெரிய மருந்தில்லை.

விட்டம் 2.4 சதவீதம் கூடுவதால், முள் 100 காட்டும்போது சக்கரம் முன்பைவிட 2.4 கி.மீ. வேகமாக ஓடும். ஐ.நா.வின் 39-ஆவது வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால் கம்பெனிகள் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைக்கின்றன, இந்த 2.4 சதவீதம் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். விட்டம் கூடினாலும் குறைந்தாலும் 3 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கூடுவதென்றால் 2-க்குள் நிறுத்துவது என் பரிந்துரை.

அப்படியும் போடுவதானால், முதலில் முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டுங்கள். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டில் (சக்கரத்துக்கு மேலே நிற்கும் ஷாக் அப்சார்பர் தண்டு) ஸ்பிரிங் உட்காரும் தட்டின் ஓரத்தில், டயரைப் பார்த்தபடி, சுண்டைக்காய் அளவு களிமண் ஒட்டுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிவிட்டுப் பாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் மிச்சம் இருக்கும் கனம்தான் உங்கள் இடைவெளி. அது சில மி.மீ.தான் என்றால் அந்த அளவை விட்டுவிடுங்கள். பிறகு பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். ஆளில்லாமல் உரசாத டயர் ஆள் ஏறினால் பின் ஃபெண்டரில் உரசும்.

கேள்வி: 195 போட்டால் கிரிப் நன்றாக இருக்கும் என்கிறார்கள். என் ரிம் 5ஜே.

பதில்: வேண்டாம். 195/60 ஆர்14-க்குக் குறைந்தது 5½ அங்குல ரிம் வேண்டும். 5-இல் திணித்தால் இரண்டு சைடுவாலும் உள்ளே இழுபட்டு, பட்டனின் நடுப்பகுதி உப்பிக்கொள்ளும். நடு மட்டும் தேயும், வளைவில் கார் ஆடும். தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கவும் செய்யும். கிரிப் வேண்டுமென்றால் அதே அளவில் நல்ல ரப்பர் உள்ள டயரை வாங்குங்கள்.

கேள்வி: பழைய டயரில் 81டி (81T) என்று இருக்கிறது. மலிவாகக் கிடைப்பதில் 75டி. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். 81 என்றால் ஒரு டயர் 462 கிலோ தாங்கும், 75 என்றால் 387. நான்குக்கும் சேர்த்து 300 கிலோ குறைகிறது. அதாவது காரில் ஏறும் ஆட்களின் எடை அளவுக்கு. பிரேக் அடிக்கும்போது பாரமெல்லாம் முன்னால் சாயும் என்பதை மறக்காதீர்கள். சுமை எண் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோதான் இருக்க வேண்டும். டி என்பது 190 கி.மீ. வேகத்துக்கான குறி, அதற்கும் இதே விதி.

கேள்வி: 15 அங்குல அலாய் ரிம் மாற்றினால் எந்த அளவு? பழையது 165/70 ஆர்14.

பதில்: 185/55 ஆர்15 எடுத்தால் விட்டம் 584.5, சரியாகப் பொருந்தும். ஆனால் சைடுவால் 115.5-இலிருந்து 102 மி.மீ. ஆகச் சுருங்கும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளைவதும் சைடுவாலில் கட்டி கிளம்புவதும் இதனால்தான். மோசமான சாலையில் தினமும் ஓட்டுபவர் 14-லேயே இருப்பது நல்லது.

அலாய் வாங்கும்போது நான்கு போல்ட் இருந்தால் போதாது. போல்ட் வட்டத்தின் விட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, போல்ட் போடும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆஃப்செட் 45-க்குப் பதில் 35 என்றால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அளவான வளையம் போடுங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர்தான் முடியும். முன்னால் போடவா?

பதில்: பின்னால் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். ஒரே அச்சில் இரண்டு அளவு கூடவே கூடாது.

கேள்வி: பெரிய டயர் போட்டதும் மைலேஜ் 20-இலிருந்து 19.5 ஆகிவிட்டது.

பதில்: 2.4 சதவீதம் பெரிய டயர் என்றால் ஓடோமீட்டர் அவ்வளவு தூரத்தைக் குறைத்துக் காட்டும். உங்கள் 19.5-ஐ 1.024-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 20 வந்துவிடும்.

கேள்வி: ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருக்கலாமா?

பதில்: பஞ்சர் கடை வரை போகலாம், மெதுவாக. முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்டயர் பஞ்சரானால், பின்னாலிருக்கும் நல்ல சக்கரத்தை முன்னால் மாட்டி ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். முன்னால் இரண்டு அளவு ஓடினால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) நேர்சாலையிலும் ஓயாமல் சுழன்று சூடேறும்.