பெரியப்பாவுக்கு என்ன அளவு எழுதி அனுப்புவது?

கேள்வி: எனக்கு 34 வயது. வீடு பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனதில், ஏழெட்டு மாதமாகச் சாயங்காலங்களில் பெத்தாங்க் (இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பிரெஞ்சு ஆட்டம்) ஆடுகிறேன். இதுவரை இரவல் குண்டுதான். டிசம்பரில் பிரான்சிலிருந்து வருகிற என் பெரியப்பா, "ஒரு செட் வாங்கி வருகிறேன், எது வேண்டுமென்று சொல்லு" என்கிறார். இணையக் கடைகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. நீல நிறத்தில் பூவேலை பொறித்த ஒரு செட் மனசுக்குப் பிடித்துவிட்டது. "எடை கூட இருந்தால்தான் நல்லது" என்கிறார் எங்களோடு ஆடும் ஓர் அண்ணன். "எட்டுக் குண்டு டப்பா இங்கேயே சல்லிசாகக் கிடைக்குமே" என்கிறார் என் வீட்டுக்காரர். என் கை சின்னது, வியர்க்கும் வேறு. எதிராளியின் குண்டை அடிப்பதைவிட, இலக்குக்குக் கிட்டே போடுவதுதான் எனக்கு வருகிறது. வண்டிச் செயினுக்கு எண்ணெய் விடக்கூட மறந்துபோகிற ஆள் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: சகோதரி, முக்கால்வாசிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கை சின்னது, வியர்க்கும், கிட்டே போடுகிற ஆட்டம், எண்ணெய் போடச் சோம்பல். இந்த நாலையும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நீல நிறத்தையும் பூவேலையையும் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படி ஆரம்பித்தவன்தான்.

என் முதல் சொந்த செட் ஒரு சொல்தா தாத்தா வீட்டிலிருந்து வந்தது. பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தோல் பையும் குண்டின் பளபளப்பும் பார்த்து மயங்கி, பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். விட்டம் 76 மில்லிமீட்டர். இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். எவ்வளவு பார்த்துப் போட்டாலும் ஒரு சாண் தள்ளியே நிற்கும். ராத்திரி மணிக்கட்டு வலிக்கும். பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக ஆடினேன், இன்னும் அதிகமாக வலித்தது. ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் குண்டு மாறிப்போய், பக்கத்தில் நின்றவருடைய குண்டைத் தெரியாமல் எடுத்துப் போட்டேன். போய் இலக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. திரும்ப ஒன்று போட்டேன், அதுவும் கிட்டேதான் போனது. அவருடையது 73. அந்தப் பழைய செட் இப்போது என் அக்கா மகனிடம் இருக்கிறது. ஆறடி உயரம், முறம் மாதிரி கை. அதை வைத்து அவன் அடிக்கிற அடியைப் பார்த்தால் குண்டில் ஒரு குறையும் இல்லை என்று தெரியும்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொஷோனே என்கிற சின்ன மரக்குண்டை (பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று அர்த்தம், 30 மில்லிமீட்டர்தான் இருக்கும்) 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் எறிந்துவிட்டு, அதற்குக் கிட்டே இரும்புக் குண்டைப் போடவேண்டும், இல்லையென்றால் எதிராளியின் குண்டை அடித்துத் தள்ளவேண்டும். முதலில் 13 புள்ளி எடுக்கிற கட்சிக்கு வெற்றி. நம் கோலியாட்டத்துக்குப் பங்காளி முறை. பிரான்சில் மார்செய் பக்கம் லா சியோத்தா என்ற ஊரில் 1907-இல் பிறந்ததாகச் சொல்வார்கள். மூட்டுவாதம் வந்து, ஓடிவந்து எறிய முடியாமல் போன ஓர் ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று மாற்றியதில் உண்டான ஆட்டம். ஊன்றிய கால் என்பதுதான் பெயரின் பொருள். காலை ஊன்றிவிட்டால் மிச்சப் பொறுப்பெல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. அளவு விஷயத்தில் நான் இப்படி நச்சரிப்பது அதனால்தான்.

போட்டிக் குண்டின் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டருக்குள்ளும், எடை 650 முதல் 800 கிராமுக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது விதி. குண்டு உள்ளே கூடு. 72 மில்லிமீட்டர் குண்டு முழு இரும்பாக இருந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போய்விடும். இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்துப் பற்றவைத்துச் செய்வதால், ஒரே அளவில் வெவ்வேறு எடையில் செய்ய முடிகிறது. ஆகவே அளவு வேறு, எடை வேறு. முதலில் அளவை முடிவு செய்யுங்கள், எடை அப்புறம்.

கோல்ஃப் ஆடுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மட்டை நீளமாக இருந்தால் தண்டை வெட்டுகிறார், பிடி தேய்ந்தால் புதுசு மாட்டுகிறார், சாய்மானம் சரியில்லை என்றால் தலையை ஓரிரு டிகிரி வளைத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்கிறார்களாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குண்டைத் தேய்க்கக் கூடாது, உள்ளே எதையும் நிரப்பக் கூடாது, சூடுகாட்டி மென்மையாக்கக் கூடாது. விதி விடாது. வாங்கியது வாங்கியதுதான்.

சரி, உங்கள் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் யாராவது கிரிக்கெட் ஆடினால் தோல் பந்து ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்கள் ஆடுகிற பந்து ஏறக்குறைய 71 முதல் 73 மில்லிமீட்டர் வரும். உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி பந்தைப் பிடித்து, நான்கு விரல்களையும் சேர்த்து வைத்து, கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். பந்து நழுவாமல் நிற்கிறதா? அதைத் தாங்க விரல் நுனிகள் இறுகுகின்றனவா? இறுகாமல் நின்றால் 72 உங்களுக்குப் பொருந்தும். இறுகினால் 71-க்கு இறங்குங்கள். விரல் நுனி உள்ளங்கைப் பக்கம் மடிந்து வந்து, பிடி தொளதொளவென்று இருந்தால்தான் 73, 74 பக்கம் போகலாம்.

பந்து இலேசானது, குண்டு அதைப்போல நாலு மடங்குக்கும் மேல் கனக்கும். எனவே இதோடு விட்டுவிடாதீர்கள். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் குழுவில் நாலு பேரிடம் நாலு அளவு இருக்கும். வாரத்துக்கு ஒருவரிடம் கெஞ்சி வாங்கி ஆடுங்கள். எடை குண்டின் மேலேயே பொறித்திருக்கும். அளவு தெரியவில்லை என்றால் தையல் டேப்பால் சுற்றளவைப் பாருங்கள்: 22.3 சென்டிமீட்டர் என்றால் 71, 22.6 என்றால் 72, 23.2 என்றால் 74. கொஷோனேக்கு எவ்வளவு கிட்டே போனது என்பதைவிட, மூன்றாவது ஆட்டம் முடிகிறபோது கை எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அந்த அண்ணன் சொன்ன எடைக்கு வருவோம். கனமான குண்டு தரையில் சின்னக் கல் இடித்தால் அவ்வளவாகத் திசை மாறாது, எதிராளி குண்டு உரசினாலும் இடத்தை விட்டுச் சட்டென்று நகராது. அதனால் கிட்டே போடுகிறவர்கள் கொஞ்சம் கனத்தை விரும்புவார்கள். அடிக்கிறவர்கள் இலேசானதையும் பெரியதையும் தேடுவார்கள், பெரியதாக இருந்தால் குறி படுகிற வாய்ப்பு கூடுமே. அண்ணன் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஆளுக்கு மூன்று குண்டு, 12 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்தில் நீங்கள் எறிகிற மொத்த எடை 25 கிலோவைத் தாண்டுகிறது. கூடுதல் 30 கிராம் முதல் ஆட்டத்தில் தெரியாது. கை களைத்த பிறகு குண்டு ஒரு முழம் முன்னாலேயே விழுகிறபோது தெரியும். உங்களுக்கு 690, 700 போதும். அண்ணன் வேண்டுமானால் 740 வைத்துக்கொள்ளட்டும்.

குண்டின் மேல் ஓடுகிற கோடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கடையில் பெரியப்பாவைக் கேட்பார்கள். வழவழவென்று கோடே இல்லாததும் உண்டு, ஒன்றிரண்டு கோடு போட்டதும் உண்டு. கோடு இருந்தால் வியர்த்த கையில் பிடி கிடைக்கும், தரையையும் கொஞ்சம் கவ்வும். பங்குனி, சித்திரையில் கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகிவிடும்போது அந்தக் கொஞ்சமும் வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் தரை ஊறிக் கிடக்கும்போது எந்தக் குண்டாக இருந்தாலும் பொத்தென்று உட்கார்ந்துகொள்ளும், அப்போது இதெல்லாம் பேச்சே இல்லை. இன்னொரு லாபம், உங்கள் குண்டு எது என்று தூரத்திலிருந்தே தெரியும். என்னைப் போல இருட்டில் மாற்றி எடுக்கமாட்டீர்கள். (மாற்றி எடுத்ததால்தான் எனக்குப் புத்தி வந்தது, அது வேறு கதை.)

கடினத்துக்கும் ஓர் எண் உண்டு. 110-இல் தொடங்கி 140 வரை சொல்வார்கள். எண் குறைந்தால் மென்மை. மென்மையான குண்டு மோதும்போது அதிகம் துள்ளாது, அடித்த இடத்திலேயே நின்று எதிராளி குண்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். அடிக்கிறவர்கள் அதற்குக் காசு கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். அது சீக்கிரம் தழும்பேறும், விலையும் பெரும்பாலும் கூட. கிட்டே போடுகிற உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. நடுத்தரமோ கடினமோ எதுவானாலும் சரி. பல வருஷம் உழைக்கும்.

உலோகம் எது என்பதில்தான் நம் ஊர் உள்ளே வருகிறது. கார்பன் எஃகு கையில் நன்றாக ஒட்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள், எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆனால் துருப்பிடிக்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே என்ன பாடு படுகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஆடி முடித்ததும் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி வைக்கவேண்டும். ஒரு வாரம் விட்டால் பையைத் திறக்கும்போது செம்மண் நிறத்தில் சிரிக்கும். செயினுக்கு எண்ணெய் விட மறப்பவர் இதற்கு விடப்போவதில்லை. எவர்சில்வர் வாங்குங்கள். அதே தரத்துக் கார்பனைவிடக் கொஞ்சம் விலை கூடும், வியர்த்த கையில் கொஞ்சம் வழுக்கவும் செய்யும். அதற்குத்தான் ஒவ்வொரு ஆட்டக்காரரும் இடுப்பில் ஒரு துணியைச் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். பழைய வேட்டித் துண்டு போதும்.

நீல நிறம் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். கார்பன் குண்டுகளில் வருகிற நீலமும் கறுப்பும் துருவைத் தடுக்க மேலே கொடுத்த பூச்சு. மண்ணில் உருண்டு உருண்டு சில வாரங்களில் போய்விடும். கோட்டுப் பள்ளத்தில் மட்டும் மிச்சம் இருக்கும். பூவேலைக்குக் கொடுக்கிற பணத்தில் பாதி, படத்தில் பார்ப்பதற்கான கூலி. அழகே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பிடித்த பொருளாக இருந்தால் கை தானாக எடுக்கும், மழைச் சாயங்காலத்தில்கூட ஆடக் கிளம்புவீர்கள். கொஞ்சம் ஆசை தீரட்டும் என்றால் உங்கள் பெயரையோ முதலெழுத்தையோ பொறிக்கச் சொல்லுங்கள், விதி அதை அனுமதிக்கிறது. என்னுடையதில் இருக்கிறது. 14 வருஷமாகியும் அழியவில்லை.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. எட்டுக் குண்டு டப்பா குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் விளையாட நல்ல பொருள். பிள்ளைகள், மாமியார், எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்றாவது கிடைக்கும். ஆனால் அதில் அளவைத் தேர்ந்தெடுக்க முடியாது, கொடுத்ததைப் பிடிக்கவேண்டியதுதான். போட்டியிலும் ஏற்கமாட்டார்கள். பிரான்சில் மூன்று குண்டு கொண்ட போட்டி செட் 80, 90 யூரோ வாக்கில் தொடங்கி 250-ஐத் தாண்டியும் போகும். நம் கணக்கில் எட்டு, ஒன்பது ஆயிரத்திலிருந்து என்று வையுங்கள். உங்களுக்கு வேண்டியது கீழ்ப்பாதியிலேயே கிடைக்கும், 120 யூரோவுக்கு மேல் பெரியப்பாவைச் செலவு செய்ய விடாதீர்கள். இங்கேயே யாராவது பழைய செட் கொடுத்தால் அதுவும் நல்லதுதான். செய்தவர் முத்திரையும் எடையும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு பார்த்து முடித்ததும் பெரியப்பாவுக்கு இப்படி எழுதுங்கள்: "72 மில்லிமீட்டர், 700 கிராம், எவர்சில்வர், ஒன்று அல்லது இரண்டு கோடு, கடினம் 120-க்கு மேல் எதுவானாலும் சரி, போட்டிக்கு அங்கீகாரம் பெற்றது, என் பெயரின் முதலெழுத்து பொறித்து." 71 என்று தேறினால் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் ஒப்யூத் என்ற கம்பெனியின் பெயர்தான் முதலில் கண்ணில் படும், அதிலேயே இந்த அளவெல்லாம் கிடைக்கும்.

மூன்றும் சேர்ந்து இரண்டு கிலோவுக்கு மேல் வரும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், சென்னை விமான நிலையத்தில் யாராவது பெட்டியைக் காட்டி என்ன இது என்று கேட்டால், விளையாட்டுச் சாமான் என்றே சொல்லச் சொல்லுங்கள். நம் பாண்டிச்சேரிப் பழக்கத்தில், "ஒண்ணுமில்ல சார், மூணு குண்டு" என்று வாய்தவறிச் சொல்லிவிடப் போகிறார்.