ஹேண்டிலை ஒடிச்சா கரண்டு போற பைக்

அண்ணாச்சி, அம்பையில இருந்து பாபநாசம் போற வழியில, ஹேண்டிலை இடப்பக்கம் ஒடிச்சா மீட்டர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் ஒண்ணா செத்து, நேராக்கினா திரும்ப வருதுன்னு எழுதியிருக்கிய. பேட்டரியை மாத்தச் சொன்னாரா மெக்கானிக்? மாத்தாதிய. பேட்டரிக்கு ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியாது.

எல்லாம் சேர்ந்து போகுதுன்னா கோளாறு பொதுவான பாதையிலதான். உங்க விஷயத்துல ஸ்டியரிங் கழுத்துல வளையுற ஒயர், இல்லன்னா சாவி போடுற இக்னிஷன் சுவிட்ச்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்ல கொடுங்க. சாவியைப் போட்டு, இண்டிகேட்டர் எரியட்டும். லோடு இல்லாம, அதாவது எதுவும் கரண்டு இழுக்காம பாத்தா ஒத்தை இழை தொட்டுக்கிட்டு இருந்தாக்கூட 12 வோல்ட் காட்டி ஏமாத்திரும். சிவப்பு முனையை இக்னிஷன் சுவிட்ச் கப்ளருக்கு (ஒயர்களைச் சேர்க்குற பிளக்) பின்னால சொருகி ஹேண்டிலை ஆட்டுங்க. உள்ளே வர்ற ஒயர்லயே வோல்ட் விழுந்தா, ஃபியூஸ்ல இருந்து வர்ற ஒயர் போச்சு. அது நிலையா நின்னு வெளியே போறதுல மட்டும் விழுந்தா சுவிட்ச். ரெண்டும் நின்னா எர்த்தையும் (நெகட்டிவுக்குத் திரும்புற ஒயர்) கழுத்துக்குப் பின்னால போற ஒயரையும் பாருங்க.

ஒயர் மேல்தோல் நல்லாத்தான் இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மெதுவா இழுத்தா அந்த இடம் மட்டும் ரப்பர் மாதிரி நீளும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, பளபளப்பான செம்பு தெரியுற வரை வெட்டி, அதே கனத்துல பல இழை ஒயர் போட்டு சால்டர் வச்சு, மேல இன்சுலேஷன் ஸ்லீவ் போடுங்க. ஜாயின்ட் வளைவுல வரக்கூடாது. சால்டர் பக்கத்துல ஒயர் விறைச்சு மறுபடி அறுந்துரும். ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஒயர்களைச் சேத்து கேபிள் டை கட்டுங்க.

கப்ளர்ல பச்சை பூத்திருந்தா கான்டாக்ட் கிளீனர் அடிங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே.