பணிந்து போனால் சுயமரியாதை போய்விடுமா?

எல்லாரிடமும் பணிந்து நடந்தால் நம் மதிப்பு என்னாவது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பரைப் பாருங்கள். பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது, ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று பாடி வர மறுத்தவர். அதே மனிதர் முதிய வயதில், திருப்பூந்துருத்தி அருகே, தன்னைவிட மிக இளையவரான சம்பந்தரின் பல்லக்கைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தோளில் சுமந்தார் என்கிறது பெரியபுராணம். ‘அப்பர் எங்கே?’ என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து பதில் வருகிறது: உம்மைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன். சம்பந்தர் பதறி இறங்கினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

யாரும் அவரைச் சுமக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். சிவனுக்கு ஆள் என்பதே அவருக்குப் போதுமான மதிப்பு. அதை அரசனாலும் பறிக்க முடியாது, பல்லக்காலும் குறைக்க முடியாது. பயந்தோ, காரியம் ஆகவேண்டும் என்றோ குனிவது வேறு கணக்கு. அப்படிக் குனிய உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை.