மைனஸ் குளிரில் மினி ஸ்ப்ளிட்: கோளாறு இயந்திரத்திலா, ஓட்டும் முறையிலா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு மினி ஸ்ப்ளிட் ஹீட் பம்புகள் இருக்கின்றன. மைனஸ் 5 டிகிரி வரை பிரச்சினை இல்லை. மைனஸ் 12, 15 என்று இறங்கினால் ரிமோட்டில் 24 வைத்தாலும் அறை 20-ஐத் தாண்ட மறுக்கிறது. ஈரப்பனி பெய்யும் நாளில் சூடான காற்று அடிக்கடி நின்றுபோகிறது, வெளியே யூனிட்டிலிருந்து புகை கிளம்புகிறது. கரண்ட் மிச்சமாகட்டும் என்று இரவில் அணைத்துவிடுகிறோம். கேஸ் குறைந்துவிட்டதா? ரூம் ஹீட்டர் வாங்கிவிடலாமா?

பதில்: கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு கம்மி. கசிவு இருந்தால் மைனஸ் 5-லேயே யூனிட் திணறியிருக்கும், கோடையில் கூலிங்கும் குறைந்திருக்கும். அந்தப் புகை கோளாறே இல்லை. எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம்தான்: இரவில் அணைப்பது.

ஹீட் பம்ப் என்பது அறையைச் சூடாக்கவும் தெரிந்த ஸ்ப்ளிட் ஏசி. இந்த இயந்திரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை அள்ளி உள்ளே கொண்டுவருகிறது. மைனஸ் 15-இல் அள்ள என்ன இருக்கிறது என்று தோன்றும். குழாய்க்குள் ஓடும் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்கள் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே கொதிப்பவை. வெளி யூனிட்டில் இருக்கும் குழாய்ச் சுருளை, அதாவது வெளிக் காயிலை, வெளிக்காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிரவைத்துவிட்டால் போதும், மைனஸ் 15 காற்றிலிருந்தும் வெப்பம் காயிலுக்குள் இறங்கும். அந்தக் கேஸை அழுத்திச் சூடேற்றி உள்ளே அனுப்புவது கம்ப்ரசரின் வேலை. வெளியே குளிர் ஏற ஏற அந்த வேலை கடினமாகும். வெளியே 8 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்றரை, நான்கு யூனிட் வெப்பம் தரும் இயந்திரம், மைனஸ் 15-இல் இரண்டை ஒட்டித்தான் தரும். தரக்கூடிய மொத்த வெப்பமும் குறையும். வீட்டுக்கோ அதே நேரத்தில்தான் தேவை உச்சத்தில் இருக்கும்.

இப்போது உங்கள் இரவுக் கணக்கைப் பாருங்கள். பத்து மணிக்கு அணைக்கிறீர்கள். சுவர், தரை, கட்டில், சோபா எல்லாம் மெல்ல மெல்லக் குளிர்கின்றன. பெரும்பாலான நாட்களில் குளிர் உச்சத்துக்குப் போவது விடியற்காலையில். சரியாக அந்த நேரத்தில் எழுந்து ரிமோட்டை அழுத்துகிறீர்கள். இயந்திரம் தன் முழு வேகத்தில், அதாவது தன் மோசமான திறனில், சில்லிட்டுக் கிடக்கும் வீட்டையே தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. முழு வேகத்தில் ஓடினால் வெளிக் காயில் இன்னும் குளிர்ந்து உறைபனியும் கூடும். அறை 20-இல் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு, அதாவது தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரசருக்கு, பிடித்தது குறைந்த வேகத்தில், நிற்காமல் ஓடுவது. மெதுவாக ஓடும்போது காயிலின் பரப்பு வேலைக்குத் தாராளமாக இருக்கும், அதே வெப்பத்துக்குக் குறைந்த கரண்ட் போதும். நாள் முழுக்க ஓடுகிறதே என்று பதற வேண்டாம். கடுங்குளிரில் அப்படி ஓடினால்தான் சரியாக ஓடுகிறது என்று பொருள். தூங்கும்போது குறைக்க வேண்டுமென்றால் ஓரிரு டிகிரி குறையுங்கள், அணைக்காதீர்கள். நாள்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அப்போதும் தண்ணீர்க் குழாய் உறையாத அளவுக்கு விட்டுவைக்க வேண்டும்.

அடுத்து அந்த 24. உள் யூனிட் தன் தலைக்குள் போகும் காற்றைத்தான் அளக்கிறது. அது இருப்பது கூரைக்கு ஒரு சாண் கீழே, சூடான காற்று போய்த் தேங்கும் இடம். அங்கே 24 வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் உட்காரும் உயரத்தில் 20 கூட இருக்காது. ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை நாற்காலி உயரத்தில், உள் யூனிட்டின் காற்று நேராகப் படாமல் வைத்து ஒருநாள் பாருங்கள். ரிமோட்டில் 26 வைத்தால் அறையில் 22 வருகிறதா? அப்படியானால் உங்கள் வீட்டில் 26 என்றால் 22, அவ்வளவுதான். ரிமோட்டில் உள்ள சென்சாரை வைத்து அளக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. இருந்தால் அதைப் போட்டுவிட்டு ரிமோட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தகட்டைத் தரையைப் பார்க்கத் திருப்புங்கள். ஃபேனை ஆட்டோவில் விடுங்கள். சத்தம் பொறுக்காமல் மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவைத்தால் திறனும் விழும், வெப்பமும் மேலேயே நிற்கும். எகோ, சைலன்ட் போன்ற மோடுகள் கம்ப்ரசரின் வேகத்துக்குக் கடிவாளம் போடக்கூடியவை, மைனஸ் நாட்களில் அவை வேண்டாம். ஆட்டோ மோடும் வேண்டாம், சூரியன் படம் போட்ட ஹீட் மோடு மட்டும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

புகைக்கு வருவோம். வெளிக் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதால் காற்றின் ஈரம் அதன்மேல் வெள்ளையாக உறைகிறது. படலம் தடித்தால் காற்று நுழையாது. அதனால் யூனிட் சில நிமிடங்களுக்குத் தன்னையே கூலிங்குக்குத் திருப்பிக்கொண்டு, வீட்டு வெப்பத்தை வெளிக் காயிலுக்கு அனுப்பி உருக்குகிறது. உள் ஃபேன் நிற்கும். ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வெளியே விசிறி அசையாமல் நிற்க, காயிலிலிருந்து தண்ணீர் வடியும், நீராவி மொத்தமாக எழும்பும். முதல் முறை பார்ப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று பிரேக்கரை இறக்கிவிடுவார்கள்! பூஜ்ஜியத்தை ஒட்டிய, ஈரமான நாளில்தான் இது அடிக்கடி நடக்கும். மைனஸ் 15 காற்றில் ஈரமே குறைவு என்பதால் உறைபனியும் குறைவு. ஐந்து, பத்து நிமிடத்தில் சூடான காற்று திரும்பிவிட்டால் கவலையே இல்லை.

கவலைப்பட வேண்டியது உருகிய தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பற்றி. யூனிட்டைத் தரையோடு வைத்திருந்தால், வடிந்த நீர் அடியிலேயே உறைந்து, அடுத்த டீஃப்ராஸ்டில், அதாவது அடுத்த முறை பனியை உருக்கும்போது, இன்னொரு அடுக்கு ஏறி, சில நாளில் ஒரு பனிக்கட்டித் திட்டு அடித்தட்டைத் தொட்டு விசிறி இறக்கையையே உரசும். கரகரவென்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் எடுக்காதீர்கள். காயிலின் தகடுகள் மெல்லிய அலுமினியம், பின்னால் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கரையுங்கள். நிரந்தர வழி, வழக்கமாகப் பனி குவியும் உயரத்துக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றுவது. கூரைத் தண்ணீர் யூனிட்டின் தலையில் சொட்டும்படியும் இருக்கக்கூடாது. தார்ப்பாய் போட்டு மூடுபவர்களும் உண்டு. ஓடுகிற யூனிட்டை மூடினால் மூச்சடைத்ததாகிவிடும்.

இத்தனையும் செய்து பத்து நாள் அணைக்காமல் ஓட்டிப் பார்த்த பிறகும் மைனஸ் 15-இல் அறை ஏறவில்லையா? அப்போது யூனிட்டின் அளவைச் சந்தேகப்படலாம். பெட்டியில் 12,000 பி.டி.யு., அதாவது 1 டன் என்று போட்டிருப்பது கூலிங் கணக்கு, ஹீட்டிங் கணக்கு அல்ல. உங்களுக்கு வேண்டியது தயாரிப்பாளரின் விரிவான அட்டவணையில் மைனஸ் 15-க்கு நேரே உள்ள அதிகபட்ச ஹீட்டிங் எண். கடுங்குளிருக்கென்று செய்த மாடல்களில் அது நன்றாகவே இருக்கும், சாதாரண மாடலில் பாதியை ஒட்டி விழுந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்காக ஒரேயடியாகப் பெரியதை வாங்கிவிடாதீர்கள். இளங்குளிரில் அது தன் குறைந்தபட்ச வேகத்திலேயே அறையைச் சட்டென்று சூடாக்கி நிற்கும், மறுபடி கிளம்பும், நிற்கும். கரண்டும் போகும், ஆயுளும் போகும். முதலில் ஜன்னல், கதவு இடுக்குகளை அடையுங்கள். செலவழிப்பதில் அதுதான் புத்திசாலித்தனம்.

ரூம் ஹீட்டரை வருடத்தில் வரும் சில கொடுங்குளிர் இரவுகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் அது தரும் என்பதால், ஹீட் பம்பை நிறுத்திவிட்டு இதைப் போடுவது நஷ்டம். உள் யூனிட்டுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். சென்சார் ஏமாந்து, அறை சூடாகிவிட்டது என்று ஹீட் பம்ப் பதுங்கிக்கொள்ளும். கதவு மூடிய, காற்று எட்டாத அறைதான் ஹீட்டருக்கு ஏற்ற இடம்.

மெக்கானிக்கை அழைக்கத்தான் வேண்டுமா என்பதற்கு ஒரு சோதனை. வெளிக் காயிலில் வெண்பனி ஒரே சீராகப் பரவியிருந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் கட்டிப்போய் மற்ற இடம் காய்ந்திருக்கிறது, அது நாள்கணக்கில் மாறவில்லை, உள்ளே வரும் காற்றும் 30 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். வருகிறவர் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிவிட்டுக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, உள்ளே மிச்சமிருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, யூனிட்டின் லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் எடைபோட்டு ஏற்றுவதுதான் முறை.