மத்தாப்பு பிடிக்கும் நாய் – கடிதம்

அன்புள்ள சார்,

நானும் என் கணவரும் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறோம். எட்டு மெஷின். பெரும்பாலும் ஜாப் ஒர்க்தான், மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பது. இந்தத் தீபாவளிக்குச் சொந்தமாக டி-ஷர்ட் தைத்து ஆன்லைனில் விற்கலாம் என்று ஒரு யோசனை. அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் ஒரே டிசைன், வீட்டு நாய்க்கும் அதே துணியில் ஒரு சட்டை. நெஞ்சில், மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் நாய்க்குட்டி படம். அடக்கம் 210 ரூபாய், விலை 399. முதலில் 300 பீஸ். லாபத்தில் ஒரு பங்கை ஊருக்கு வெளியே இருக்கும் நாய்க் காப்பகத்துக்குக் கொடுப்போம். வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் விற்று இப்படிச் செய்கிறார்கள் என்று படித்தேன். என் கணவர், "நாயைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று பேசுவார்கள்" என்கிறார். நாங்கள் செய்யப்போவது தப்பா சார்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பயப்படும் பேச்சு வரத்தான் செய்யும். அதற்கான பதிலைச் சட்டையின் டேக்கிலேயே அடித்துவிடலாம்.

எனக்கு இடிக்கிற இடம் "லாபத்தில் ஒரு பங்கு" என்பதுதான். எது லாபம், எத்தனை பங்கு? வாங்குகிறவருக்குத் தெரியாது. சீசன் முடியும்வரை உங்களுக்கே தெரியாது. சில வருடம் முன்பு, ஒரு காப்பகத்தின் பெயரோடு இதே வாசகம் அச்சடித்த துணிப்பை ஒன்றை வாங்கினேன். அப்புறம் ஒருநாள் அந்தக் காப்பகத்துக்குப் போனபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அப்படி ஒரு கடை இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 399 ரூபாயில் ஐந்து சதவீத ஜிஎஸ்டி 19 ரூபாய். அடக்கம் 210. கூரியர் எழுபது என்று வையுங்கள். கையில் நிற்பது நூறு. 300 பீஸ் தைத்து 220 விற்றால் வரவு 22,000. விற்காமல் மூட்டையில் கிடக்கும் 80 பீஸுக்கு நீங்கள் போட்ட பணம் 16,800. மிச்சம் 5,200. இதில் பாதியைக் கொடுத்தாலும் காப்பகத்துக்குப் போவது 2,600 ரூபாய். சைஸ் சரியில்லை என்று திரும்பி வரும் பார்சலையும் விளம்பரச் செலவையும் நான் சேர்க்கவே இல்லை. தீபாவளி முடிந்த மறுநாள் தீபாவளிச் சட்டையை யார் வாங்குவார்?

ஆகவே, முதலில் தைக்காதீர்கள். சாம்பிள் பத்து தைத்து, போட்டோ எடுத்துப் போட்டு, பணத்தோடு ஆர்டர் வாங்கிக்கொண்டு பிறகு கட்டிங் போடுங்கள். சொந்த மெஷின் இருக்கும் உங்களுக்கு இது பெரிய வசதி, வெளியே கொடுத்துத் தைப்பவருக்குக் கிடைக்காதது. டேக்கில் "இந்தச் சட்டைக்கு 30 ரூபாய் காப்பகத்துக்கு" என்று அடியுங்கள். அதே 220 பீஸ் போனால் அவர்களுக்கு 6,600, உங்களுக்கு 15,400. உங்கள் பங்கை மறைக்க வேண்டியதில்லை. கேட்டால் சொல்லுங்கள்.

பணத்தை வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்கி, அதைப் போட்டோ எடுத்துப் பொதுவில் போடுங்கள். காப்பகத்துக்கு 80ஜி பதிவு (நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தருவது) இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. ரசீது உங்கள் பெயரில்தான் வரும். சட்டை வாங்கியவருக்கு வரிச்சலுகை என்று ஆர்வக்கோளாறில் எழுதிவிடாதீர்கள்.

வெளிநாட்டு ஸ்வெட்டர் பற்றிச் சொன்னீர்கள். விற்றுக் கொடுப்பவர்களும் உண்டுதான். ஆனால் பிரிட்டனில் 'சேவ் த சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்பு 2012 முதல் நடத்தும் கிறிஸ்துமஸ் ஜம்பர் (ஸ்வெட்டரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தினத்தில் புதிதாக எதையும் வாங்கவே வேண்டாம். வீட்டில் கிடக்கும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பள்ளிக்கோ ஆபீஸுக்கோ போய்ச் சிறு தொகை கொடுத்தால் போதும். அதே பிரிட்டனில் நாய்களுக்கான ஓர் அறநிலையம், இன்று டாக்ஸ் டிரஸ்ட் என்று பெயர், 1978இல் ஒரு வாசகத்தைப் பரப்பியது: நாய் ஆயுளுக்கும் உரியது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல. பண்டிகைப் பரிசாக வந்த குட்டிகள் பிறகு கைவிடப்பட்டதால் பிறந்த வாசகம்.

நம்மூரில் பண்டிகையன்றே தொல்லை ஆரம்பித்துவிடுகிறது. வெடிச்சத்தம் நான்கு மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது விதி. தாண்டாவிட்டாலும் நமக்கே காது அடைக்கும் சத்தம் அது. நாய்க்குக் கேட்கவா வேண்டும்! தமிழ்நாட்டில் 2018இலிருந்து காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் வைத்தார்கள். எங்கள் தெருவில் அந்த நேரத்தை மதிப்பது அதை அறிவிக்கும் நோட்டீஸ் மட்டும்தான். ஒரு தீபாவளிக்கு மறுநாள் காப்பகத்தில் ஒரு லேப்ரடாரைப் பார்த்தேன். கழுத்தில் சிவப்புப் பட்டை, அறுந்த சங்கிலி ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. வெடிக்குப் பயந்து அறுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. பழைய வேட்டி ஒன்றின் மேல் சுருண்டு கிடந்தது. யாரோ தட்டைக் கீழே வைத்த ஓசைக்கே உடம்பு முழுக்க நடுங்கியது.

நாய்ச்சட்டையும் வேண்டாம். நாய்க்கு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூடு தணிய வேண்டும், வியர்ப்பது பாதத்தில் மட்டும். ஐப்பசிப் புழுக்கத்தில் அதற்குச் சட்டை எதற்கு?

அந்த வேட்டியைப் பார்த்ததால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. காப்பகங்கள் ஓயாமல் கேட்பது பழைய துணி. விரிக்க, துடைக்க, குளிப்பாட்டினால் துவட்ட. உங்களிடம் கட்டிங் வேஸ்ட் தினமும் விழுகிறதே. கிலோ கணக்கில் விற்கும் அதில் மாதம் ஒரு மூட்டையை ஒதுக்கி வைக்க முடியுமா? சட்டைப் பணம் வருடத்துக்கு ஒருமுறை வரும். அங்கே தினமும் கூண்டு கழுவுகிறார்கள்.

அப்புறம் அந்தப் படம். மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் நாயை நான் எங்கும் பார்த்ததில்லை. கட்டிலுக்கடியில் காதை மடக்கிக்கொண்டு, மூக்கு மட்டும் வெளியே தெரிய ஒளிந்திருக்கும் நாயைத்தான் தீபாவளியன்று வீட்டுக்கு வீடு பார்க்கிறோம். அதை வரையச் சொல்லுங்கள். எனக்கு எக்ஸ்எல்லில் ஒன்று. பணம் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.